எட்டு ஜோடி செட் ஆன பிறகு: கால் செய்வதா, ரெய்ஸ் செய்வதா?

வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை, விவரம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி முதலில் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் புளியங்கொட்டையை வைத்து டெக்சஸ் ஹோல்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கையிலும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையிலும் விழ, ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்கும் போக்கர் ஆட்டம் அது. ஒருவர் கட்டியதற்குச் சமமாகப் போடுவது கால், அதைவிடக் கூட்டிப் போடுவது ரெய்ஸ், நடுவில் சேரும் கொட்டை பாட், சீட்டைக் கவிழ்ப்பது என்றால் அந்த ஆட்டத்தை விட்டு விலகுவது. ஆளுக்கு 100 கொட்டை. ஒரு வாரம் தம்பியின் கையில் எட்டு ஜோடி, அதாவது இரண்டு 8. மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டுகள் ஆட்டின் (இதயக் குறி) 8, ஆட்டின் 9, கிளாவர் கிங். நான்கு பேர் ஆட்டத்தில் இருக்க, பாட்டில் 12 கொட்டை. முன்னால் இருந்தவர் 8 கட்டினார். மூன்று எட்டு (இதைத்தான் செட் என்பார்கள்) வந்துவிட்டது வெளியில் தெரியக் கூடாது என்று தம்பி வெறும் கால் செய்தார். பின்னால் இருந்த இருவரும் கால் செய்தார்கள். நான்காவது சீட்டாக இன்னொரு ஆட்டின் விழுந்தது. ஃப்ளஷ் (ஒரே வகையில் ஐந்து சீட்டு) அடித்தவரிடம் எல்லாக் கொட்டையும் போய்விட்டது. அடுத்த வாரம் மறுபடியும் எட்டு ஜோடி, மேசையில் கிங், 8, 3, மூன்றும் வெவ்வேறு வகை. எதிரில் ஒரே ஒருவர், பாட் 10, அவர் கட்டியது 6. போன வாரம் பட்டதை நினைத்துத் தம்பி உடனே 30 கொட்டைக்கு ரெய்ஸ் செய்தார். எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டார். "கால் செய்தால் தோற்கிறேன், ரெய்ஸ் செய்தால் ஓடிவிடுகிறார்கள், பலமான கை வந்தால் எதைத்தான் செய்வது, ஒரே விதியாகச் சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி.

கேட்டிருப்பது கால், ரெய்ஸ் பற்றி என்றாலும், அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. தன் கை பலமானது என்பதில் தம்பிக்குச் சந்தேகமே இல்லை, அது சரியும்கூட. அவருக்குத் தெரியாமல் இருப்பது எதிரில் இருப்பவர்களின் கை. நம் கையைவிட மோசமான எந்தெந்தச் சீட்டுகள் நமக்குக் கொட்டையைக் கொடுக்கும், எந்தெந்தச் சீட்டுகள் நம்மைத் தாண்டிப் போகக்கூடும், நமக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்ற இந்த மூன்றையும் பார்த்துத்தான் கால், ரெய்ஸ் முடிவாக வேண்டும். கை எவ்வளவு பெரிது என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. தண்டையார்பேட்டையில் பிறந்து, சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். வாட்ச் என்னும் முறைவேலை முடிந்த பிறகு மெஸ் ரூமில் பல நாட்டு மாலுமிகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆட்டம் இது. கரைக்கு வந்தபின் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன்; நிகழ்தகவுப் பாடத்துக்குச் சீட்டுக்கட்டைவிட நல்ல துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே, கீழே எண்ணாகச் சொல்பவற்றை நீங்கள் பேனா பிடித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆட்களின் குணத்தைப் பற்றிச் சொல்பவை என் அனுபவத்தில் கண்டவை மட்டுமே; அவற்றை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு செல்போனில் பணம் வைத்து ஆடலாமா என்று தம்பி கடைசி வரியில் கேட்டிருக்கிறார். போக்கர் திறமைக்கான ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. அது ஒருபுறம் இருக்க, ஹார்பர் சம்பளம் மொத்தமும் செல்போனில் கரைந்துபோன வீடுகளை நம் தெருக்களில் கண்ணால் பார்த்தவன் நான். தம்பி, கொட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எழுதுவது கொட்டைக்கான கணக்கு.

முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு ஐயமே இல்லை: கால் செய்தது தவறு. ஏன் என்பதை உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இருவரின் இடத்திலிருந்து பாருங்கள். பாட்டில் 12, முன்னவர் கட்டியது 8, உங்கள் கால் 8, ஆக 28. அடுத்தவர் 8 கொட்டை போட்டால் மொத்தம் 36 ஆகும். அவர் போடுவது அதில் 22 சதவீதம். அவருக்கும் அடுத்தவர் 8 போட்டால் மொத்தம் 44. அவர் போடுவது 18 சதவீதம்தான். கையில் இரண்டு ஆட்டின் வைத்திருப்பவருக்குத் தெரியாத சீட்டுகள் 47. அவற்றில் ஆட்டின் 9. அடுத்த சீட்டே ஆட்டினாக விழ 19 சதவீத வாய்ப்பு. கடைசி ஆளுக்கு அது அப்போதே லாபக் கணக்கு. அவருக்கு முந்தையவருக்குச் சிறு குறை இருந்தாலும், ஃப்ளஷ் விழுந்தால் உங்களிடம் இருக்கும் மீதிக் கொட்டையும் வரும் என்பதால் அந்தக் குறை நிரம்பிவிடும். அதாவது, அவர்கள் கால் செய்ததில் தவறில்லை. அவர்களுக்கு அவ்வளவு மலிவான விலையை வைத்துக் கொடுத்தது நீங்கள்தான்.

அதே இடத்தில் 30 கொட்டைக்கு ரெய்ஸ் செய்திருந்தால் பாட் 50 ஆகியிருக்கும். பின்னால் இருப்பவர் 30 போட்டு மொத்தத்தை 80 ஆக்க வேண்டும். அவர் போடுவது 37.5 சதவீதம். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர் இன்னும் வரவிருக்கும் இரண்டு சீட்டுகளையும் இலவசமாகப் பார்த்தாலும் அது விழும் வாய்ப்பு 35 சதவீதம்தான். இலவசமாகப் பார்க்கவும் நீங்கள் விடப் போவதில்லை. மேலும், மேசையில் இருக்கும் சீட்டு ஏதாவது ஒன்று ஜோடியானால் உங்கள் கை ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டும்) ஆகி ஃப்ளஷைத் தாண்டிவிடும் என்பதால், செட்டுக்கு எதிராக அவருடைய உண்மையான பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆட்டின் கிங் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: அவருக்கு ஃப்ளஷ் என்று முகம் மலரும், உங்களுக்கோ மூன்று எட்டும் இரண்டு கிங்கும். இத்தனை மேல்கையில் இருக்கும்போது அவர் 30 போட்டால் அது உங்களுக்கு வரவு, கவிழ்த்தால் அதுவும் உங்களுக்குச் சேதமில்லை. அந்த மேசையில் 10, ஜாக் வைத்திருப்பவர் வரிசைக்கு (அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டு) காத்திருப்பார், 6, 7 வைத்திருப்பவரும் காத்திருப்பார். ஆட்டின் 10, ஆட்டின் ஜாக் இரண்டும் ஒருவர் கையில் இருந்தால் அவருக்குக் கை கொடுக்கும் சீட்டுகள் 15. கிங் வைத்திருப்பவர் எப்படியும் கட்டுவார். கட்டக்கூடிய ஆட்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் பலத்தை மறைத்து என்ன பயன்?

நம் பக்கத்து கேரம் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்வேன். பாக்கெட் வாயில் நிற்கும் நம் காயினை உடனே போடாமல் விட்டுவைப்பது பழகிய கைகளின் வழக்கம். அது அங்கேயே நின்று எதிராளிக்கு வழியை அடைக்கும். ஆனால் அதைச் சுற்றி நான்கு காயின் நெருக்கிக்கொண்டு, எந்த அடியிலும் அது தெறித்துப் போகலாம் என்ற நிலையில் யாரும் அப்படி விட்டுவைக்க மாட்டார்கள். உங்கள் முதல் ஆட்டத்தில் காயினைச் சுற்றி நெரிசல்.

ஃப்ளஷ் விழுந்த பிறகும் உங்கள் கை செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிச் சீட்டில் ஃபுல் ஹவுஸோ நாலு எட்டோ ஆக்கக்கூடியவை 10, தெரியாதவை 46, ஏறத்தாழ 22 சதவீதம். கேட்கும் விலை அதற்குள் இருந்தால் கால் செய்து பார்க்கலாம். எல்லாக் கொட்டையையும் அந்த இடத்தில் நகர்த்தியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்டம் இதைவிட நுட்பமானது. அதில் ரெய்ஸ் செய்ததை நீங்கள் தவறு என்று எடுத்துக்கொண்டிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கிங், 8, 3, மூன்றும் வெவ்வேறு வகை. இந்த மேசையில் ஃப்ளஷுக்கு யாரும் காத்திருக்க முடியாது. எந்த இரண்டு சீட்டை வைத்தும் நான்கு சீட்டு வரிசைகூட அமையாது. ஏஸ் ஜோடி வைத்திருப்பவருக்கு இன்னொரு ஏஸ் விழும் வாய்ப்பு அடுத்த சீட்டில் 5 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே அவசரம் இல்லை, கால் செய்யலாம் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் கால் செய்வதற்கும் ஒரு விலை உண்டு. இழந்தது கண்ணில் படாததால், பல ஆண்டுகள் ஆடியவர்கள்கூட அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

கையில் 100 கொட்டை, பாட் 10, அவர் 6 கட்டுகிறார். நீங்கள் கால் செய்தால் பாட் 22. நான்காவது சீட்டில் 15, கடைசிச் சீட்டில் 40 என்று போனால் அவரிடமிருந்து மொத்தம் 61 வரும். மாறாக, அப்போதே 20-க்கு ரெய்ஸ் செய்து அவர் தொடர்ந்தால் பாட் 50. பிறகு 30, பிறகு 50. மொத்தம் 100, அவரிடம் இருந்த அத்தனையும். பாட்டின் அளவில் பாதியை ஒருவர் கட்டி மற்றவர் கால் செய்தால் பாட் இரட்டிக்கும், முழு அளவைக் கட்டினால் மும்மடங்காகும். முதல் படியில் பாட் சிறிதாக இருந்தால் அடுத்தடுத்த படிகளிலும் அந்தச் சிறுமை பெருகிக்கொண்டே போகும். முதல் படியில் 14 கொட்டை குறைந்தது, முடிவில் 39 கொட்டைக் குறையாக வந்து நிற்கிறது.

இனி அவர் கையில் என்ன இருக்கலாம்? பாதி நேரம் கிங், பாதி நேரம் ஒன்றுமில்லாமல் கட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமில்லாதவர் ரெய்ஸைப் பார்த்தால் ஓடிவிடுவார், 6-தான் வரும். கால் செய்தால் அவர் இரண்டில் ஒரு தடவை இன்னொரு 15 கட்டிப் பார்ப்பார் என்று எடுத்தால் சராசரியாக 13.5 வரும். கிங் வைத்திருப்பவரிடம் கால் வழியில் 61. ரெய்ஸ் வழியில் அவர் நின்றால் 100, உடனே ஓடினால் 6. இந்த எண்களைச் சமன் செய்து பாருங்கள்: கிங் வைத்திருப்பவர் மூன்றுக்கு இரண்டு தடவை ரெய்ஸுக்கு நின்று கடைசிவரை வருபவராக இருந்தால் இரண்டு வழியும் சமம். அதற்கு மேல் நிற்பவர் என்றால் ரெய்ஸ் நல்லது, எளிதில் கவிழ்ப்பவர் என்றால் கால் நல்லது. கணக்கு உறுதி, அதற்குள் நான் போட்ட பாதி, மூன்றுக்கு இரண்டு என்பவை ஊகம். அந்த ஊகத்தைச் செய்ய வேண்டியது அந்த மனிதரோடு வாராவாரம் உட்காரும் நீங்கள்தான். எனக்குத் தெரிந்தவரை, வீட்டு மாடிகளில் பொழுதுபோக்காக ஆடுபவர்கள் கிங் கிடைத்தால் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. ஆகவே நானாக இருந்தால் ரெய்ஸ் பக்கம்தான் சாய்வேன். ஆனால் 30 போட்டிருக்க மாட்டேன். துரத்தி வருபவர் யாரும் இல்லாத மேசையில் 18, 20 போதும். முதல் ஆட்டத்துக்கு ஏற்ற விலையை இரண்டாவது ஆட்டத்தில் கேட்டுவிட்டீர்கள்.

சீட்டு போட்டவுடன், மேசையில் எதுவும் விழுவதற்கு முன் ஏஸ் ஜோடி வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரெய்ஸ்தான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் சரியில்லை. "கூட்டத்தைக் குறைக்க ரெய்ஸ் செய்" என்பார்கள். ஏஸ் ஜோடி எதிரில் எந்தச் சீட்டு வைத்த ஒருவரையும் கடைசிவரை போனால் 85 சதவீதம் வெல்லும். இருவருக்கு எதிரே 73, மூவருக்கு 64, நால்வருக்கு 56, ஐவருக்கு 49. இறங்குகிறதே என்று தோன்றும். ஆளுக்கு 10 கொட்டை வைத்துப் பாருங்கள்: ஒருவர் வந்தால் 20-இல் உங்கள் பங்கு 17, லாபம் 7. ஐவர் வந்தால் 60-இல் உங்கள் பங்கு 29.4, லாபம் 19.4. கூட்டம் வந்தால் அடிக்கடி தோற்பீர்கள், ஆனாலும் கூடுதலாகவே சம்பாதிப்பீர்கள். ரெய்ஸ் செய்யக் காரணம், பாட்டில் விழும் ஒவ்வொரு கொட்டையிலும் அப்போது உங்களுக்கே பெரிய பங்கு என்பதுதான். பிந்தைய சுற்றுகளில் ஐந்து பேருக்கு நடுவே முடிவெடுப்பது கடினம் என்பதும் உண்மை, ஆனால் அது இரண்டாம் காரணம்.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் உண்டு. அதை மறைத்தால் நான் சொல்வது அரைகுறையாகிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இருவர் மட்டும் ஆடுவதும் கட்டும் தொகைக்கு வரம்பு உள்ளதுமான ஹோல்டம் ஆட்டத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். அவர்கள் உருவாக்கிய செபியஸ் என்ற கணினி நிரல், டீலர் (சீட்டுப் போடுபவர்) இடத்தில் இருக்கும்போது முதல் சுற்றில் அனுமதிக்கப்பட்ட கடைசி ரெய்ஸைச் செய்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். மொத்தத்தில் அது அப்படிச் செய்வது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. கையில் ஏஸ் ஜோடியே இருந்தாலும் பெரும்பாலும் கால் செய்து நிறுத்திக்கொள்கிறது. பெரிய கைக்கெல்லாம் ரெய்ஸ், நடுத்தரக் கைக்கெல்லாம் கால் என்று ஆடினால் நம் ஒவ்வொரு காலும் "என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும்; அப்படி ஆகாமல் இருக்கச் சில பெரிய கைகள் கால் செய்யும் பக்கத்திலும் நிற்க வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது எதையும் மறக்காத எதிராளிக்கு எதிரே இருவர் ஆடும் ஆட்டம். வரம்பில்லாமல் ஆறு பேர் ஆடும் உங்கள் மாடிக்கு அந்த முடிவை அப்படியே இறக்க முடியாது. மூன்று வாரத்துக்கு முன் நீங்கள் எப்போது கால் செய்தீர்கள் என்பதை உங்கள் நண்பர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும் நாளில் இந்த மறைப்பு வேலையைத் தொடங்கினால் போதும்.

கடைசிச் சீட்டு விழுந்த பிறகு கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. பலமான கையை வைத்துக்கொண்டு அதிகமாகத் தோற்பது இந்த இடத்தில்தான். நானும் இங்கேதான் தோற்றேன். ஒரு நீண்ட பயணத்தில், மெஸ் ரூம் மேசையில் 9, 9, 10, ஜாக், 2 விழுந்திருந்தது, ஃப்ளஷுக்கு வழியில்லை. என் கையில் குயினும் 8-ம், ஆக 8 முதல் குயின் வரை வரிசை. பாட் 40. எதிரில் இருந்த மாலுமி 20 கட்டினார். வரிசை கிடைத்த மகிழ்ச்சியில் யோசிக்காமல் 60-க்கு ரெய்ஸ் செய்தேன். அவர் சற்று நேரம் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 60-ஐயும் போட்டு, கிங்கும் குயினும் காட்டினார். அவருடைய வரிசை என்னுடையதைவிட ஒரு படி மேல்.

அன்று இரவு என் கப்பல் படுக்கையில் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். கடைசிச் சீட்டுக்குப் பிறகு யாரும் யாரையும் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: என் ரெய்ஸுக்குக் கட்டக்கூடிய கைகளில் பாதிக்கு மேல் நான் வெல்வேனா? கட்டில் மீதியிருப்பவை இரண்டு 9, மூன்று 10 என்பதால் அவரிடம் 9-10 இருக்க 6 வழி; இப்படியே 9-ஜாக் 6 வழி, 10 ஜோடி, ஜாக் ஜோடி, 2 ஜோடி ஒவ்வொன்றும் 3 வழி, நாலு ஒன்பது 1 வழி, கிங்-குயின் 12 வழி. என்னை வெல்பவை மொத்தம் 34. என்னிடம் தோற்று, அப்படியும் கட்டக்கூடியவை: 7-8 இருக்க 12 வழி, ஏஸ்-9, கிங்-9 சேர்ந்து 16 வழி, மொத்தம் 28. அந்த 28 பேரில் சிலர் ரெய்ஸைப் பார்த்தவுடன் கவிழ்த்தும் விடுவார்கள். என்னைப் போலவே குயின்-8 வைத்திருப்பவரோடு பங்குதான் என்பதால் அதை விட்டுவிடலாம்; 9-2 வைத்துக்கொண்டு யாரும் அதுவரை வந்திருக்க மாட்டார்கள். பாதியைத் தாண்டவில்லை. அவர் மேலும் ரெய்ஸ் செய்யும் உரிமை வைத்திருக்கும்போது பாதிக்கு மேல் என்பதுகூடப் போதாது. அந்தக் கைக்குக் கால்தான் சரியான ஆட்டம். வெறுமனே கட்டிப் பார்த்தவர் எவரிடமிருந்தும் என் ரெய்ஸுக்கு ஒரு கொட்டையும் கூடுதலாக வரப் போவதில்லை. என்னைத் தாண்டியவர் மட்டும் மகிழ்ச்சியோடு கட்டுவார்.

ஆக, ஒரே விதி கேட்டீர்கள், அப்படி ஒன்றை என்னால் கொடுக்க முடியவில்லை. மேசையில் வரிசைக்கோ ஃப்ளஷுக்கோ வழி இருந்து, பின்னால் ஆட்களும் இருந்தால் ரெய்ஸ் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடித்துக்கொள்ளலாம். கடைசிச் சீட்டில் பாதிக் கணக்கு போட்டுவிட்டுத்தான் ரெய்ஸ் என்பதையும் அப்படியே. வரிசைக்கோ ஃப்ளஷுக்கோ வழியில்லாத காய்ந்த மேசையில் ஒரே எதிராளி இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு அந்த எதிராளியைத் தெரிந்திருக்க வேண்டும், நான் அவரைப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்தபின் கவிழ்த்த சீட்டை உண்மையாகச் சொல்வது என்று ஆறு பேரும் ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பள்ளி நோட்டு ஒன்றில் யார் எவ்வளவுக்கு நின்றார், எதை வைத்து நின்றார் என்று எழுதி வாருங்கள். பணம் இல்லாத ஆட்டத்தில் இதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்கு முன்பாக, கிங், 8, 3 விழுந்த அன்று எதிரில் இருந்தவர் கவிழ்த்த இரண்டு சீட்டு எவை என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். அதில் கிங் இருந்திருந்தால் அந்த 30 கொட்டையைப் பற்றி மட்டும்தான் நாம் பேச வேண்டியிருக்கும்.